ஒத்திகைப் பிணம்

பிரமிடு கட்டி முடிந்த ஆண்டில் அரசர் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார். உட்பொருள் மன்றம் இதை எதிர்பார்க்கவில்லை.

பிரமிடில் உள்ள ஒவ்வொரு கல்லுக்கும் பொருள் சொல்வது அந்த மன்றத்துப் பூசாரிகளின் வேலை. கல்லை வெட்டியவர்களும் இழுத்தவர்களும் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள். பொருள் சொல்கிறவர்களுக்கு அப்படிப் போக முடியாது. சும்மா இருந்தால் அரண்மனையிலிருந்து கேள்வி வரும். ஆகவே தலைமைப் பூசாரி ராவெர் ஓர் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தார். முந்தைய அரசரின் அடக்கத்தில் மந்திரத்துக்கு நடுவே ஒரு பூசாரி தும்மியிருந்தார். அந்தத் தும்மலின் பொருள் இன்றுவரை தீர்மானமாகவில்லை. மறுபடி அப்படி நேரக் கூடாது.

ஒத்திகைக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது. அரசரையே கேட்கலாம் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. கற்பெட்டியை அரசரின் அளவுக்குக் குடைந்திருந்தார்கள். அதில் தலையும் காலும் இடிக்காமல் படுக்கிற ஆள் வேண்டும். கோயில் வாத்துக் கொட்டிலில் வேலை செய்த ஹெனு அதற்குப் பொருத்தமாக இருந்தான். இதைக் கண்டுபிடித்தவன் அவன் மனைவி மெரெத்தின் அண்ணன் இஹி. மன்றத்தில் தூபக்கால் பிடிக்கும் கடைநிலைப் பூசாரி.

என்ன செய்ய வேண்டும் என்று ஹெனு கேட்டான்.

"ஒண்ணும் செய்யக் கூடாது மாப்ள. அதுதான் வேலை" என்றான் இஹி.

ஹெனுவின் வழக்கமான வேலை, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வாத்துகளின் கழுத்தைப் பிடித்து மாவு உருண்டைகளைத் தொண்டைக்குள் திணிப்பது. ஒரு நாள் முழுக்கப் படுத்திருக்கலாம் என்பது அவனுக்குத் திருவிழா மாதிரி இருந்தது. சாப்பாட்டுக்கு வந்துவிடுவாரா என்று மட்டும் மெரெத் கேட்டாள். வெயில் இறங்குவதற்குள் அனுப்பிவிடுவோம் என்றான் அண்ணன்.

முகத்தை விட்டுவிட்டு ஹெனுவைத் துணியால் சுற்றினார்கள். பிறகு வாய்திறப்புச் சடங்கு. ராவெர் ஒரு சின்ன உளியால் அவன் உதட்டைத் தொட்டு, இனி இறந்தவர் பேசலாம், உண்ணலாம் என்று அறிவித்தார். கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்றான் ஹெனு. சடங்கு நின்றது. ஒத்திகையில் பிணம் பதில் சொல்லலாமா என்று பூசாரிகள் தனியாகப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். அடுத்த ஒத்திகைக்கு, பதில் சொல்லாத ஆளாகப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று.

தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நுழைவழி மிகவும் தாழ்வு. தூக்கியவர்கள் முழங்காலில் ஊர்ந்தார்கள். ராவெர் விளக்கைப் பிடித்தபடி இளம் பூசாரிகளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டே வந்தார். இங்கே குனிகிறோம், ஏனென்றால் தாயின் கருவுக்குள் திரும்புகிறோம். இங்கே சறுக்குகிறது, ஏனென்றால் உலகம் நம் பிடியிலிருந்து நழுவுகிறது. இந்தச் சுவர் மட்டும் கரடுமுரடாக விடப்பட்டிருக்கிறது. ஏன்?

ரொட்டி வரவில்லை என்று கல்தச்சர்கள் ஓடிவிட்டார்கள் என்று பின்னாலிருந்து சொன்னார் கட்டடத் தலைவர் செகெம்.

"அதுவும் ஒரு பொருள்தான்" என்றார் ராவெர்.

ஹெனுவைக் கற்பெட்டியில் கிடத்தினார்கள். அளவு சரியாக இருந்தது. எல்லோரும் திருப்தியாகப் பார்த்தார்கள். மூடியை மூடவில்லை. சுற்றிலும் ஜாடிகளையும் ரொட்டிகளையும் உரித்த வாத்துகளையும் அடுக்கினார்கள். நாங்கள் வெளியே போய்க் கடைசி மந்திரத்தைச் சொன்னதும் வந்து கூட்டிப்போகிறேன் என்று இஹி அவன் காதில் சொன்னான். பிறகு முறைப்படி ஒரு பூசாரி துடைப்பத்தால் எல்லோருடைய காலடித் தடங்களையும் பெருக்கிக்கொண்டே பின்னோக்கி நடந்தார். விளக்கையும் கொண்டுபோய்விட்டார்கள். துடைப்பச் சத்தம் சறுக்கில் ஏறித் தேய்ந்தது.

அதன் பிறகு வந்தது சத்தம் என்று சொல்ல முடியாது. அது காதில் விழவில்லை. முதுகில் விழுந்தது. ஒன்று. இன்னொன்று. இன்னும் ஒன்று.

அறையின் வடக்குச் சுவரில் முஷ்டி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருந்தது. சாய்வாக மேலேறி வெளிச்சுவரில் திறக்கும். இறந்தவரின் ஆன்மா விண்மீன்களுக்குப் போகும் வழி அது. அதன் வழியாக இஹியின் குரல் வந்தது.

"மாப்ள. இருக்கியா?"

"எங்க போவேன்? என்ன மச்சான் அது?"

"கல்லு விழுந்துச்சு."

"எந்தக் கல்லு?"

"வழிய அடைக்கிற கல்லு. மூணும்."

"தானாவா விழுந்துச்சு?"

"இல்ல. ஒத்திகையில எதையும் விடக் கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாரு. முட்டுக்கட்டைய நாங்கதான் தட்டிவிட்டோம். அவ்வளவு அழகா விழுந்துச்சு மாப்ள. நீ பாத்திருக்கணும்."

ஹெனு துணிக்குள் புரண்டு துவாரத்தின் பக்கம் திரும்பினான்.

"சரி. தூக்குங்க."

"அதைத்தான் பேசிக்கிட்டிருக்காங்க."

பேசினார்கள். கல்லைத் தூக்குவது எப்படி என்று செகெமைக் கேட்டார்கள். விழுகிற கல்தான் கேட்டீர்கள், எழுகிற கல் யாரும் கேட்கவில்லை என்றார் அவர். எந்த மனிதனாலும் தூக்க முடியாத கல்லை அமைத்ததற்காக அரசர் கையால் தங்கக் கழுத்தணி வாங்கியவர் அவர். அதைக் கழுத்திலிருந்து கழற்றாமலே பேசினார். சரி, கல்லைச் சுற்றிப் பக்கச் சுவரைக் குடையலாமே என்று யாரோ கேட்க, குடைந்தால் அது ஒரு வழி ஆகும், வழி என்றால் பொருள் வேண்டும், பொருள் இல்லாமல் எப்படிக் குடைவது என்றார் ராவெர். மன்றம் அன்றைக்குக் கலைந்தது.

ஹெனு பெட்டியிலிருந்து இறங்கித் துணியை அவிழ்த்தான். பசித்தது. இருட்டில் தடவி ஒரு ஜாடியை எடுத்தான். கனத்தது. மூடியைத் திருகினான், வரவில்லை. மூடியும் ஜாடியும் ஒரே கல். ரொட்டியைக் கடித்தான். பல் ஆடியது. வாத்தைத் தடவினான். நல்ல கொழுத்த வாத்து, வழவழப்பான வெண்கல்லில் செய்தது. இறந்தவருக்குக் கெட்டுப்போகாத உணவு.

அடுத்த முறை இஹி வந்தபோது குரலில் உற்சாகம் தெரிந்தது.

"இன்னிலேருந்து உனக்குப் படையல் ஆரம்பிச்சாச்சு மாப்ள. உள்ள ஆள் இருக்கு, சடங்கு முடிஞ்சிருக்கு, கல்லு விழுந்திருக்கு. படைக்காம விட்டா மன்றத்துக்குத்தான் பாவம்னு ஐயா சொல்லிட்டாரு. மாட்டுத் தொடை, வறுத்த வாத்து, சூடா ரொட்டி, ரெண்டு ஜாடி மது. அரண்மனையிலேருந்தே வருது."

"எங்க வச்சீங்க?"

"கிழக்கால, பொய்க்கதவு முன்னால."

பிரமிடை ஒட்டிய கோயிலில் கல்லில் செதுக்கிய கதவு அது. திறக்காது. இறந்தவர் அதன் வழியாக வந்து உண்டுவிட்டுப் போவார்.

"எனக்கு ஒண்ணும் வரலையே மச்சான்."

"சாரம் வந்திருக்கும். நல்லா யோசிச்சுப் பாரு."

ஹெனு யோசித்துப் பார்த்தான்.

"வரல."

"வரும். மந்திரம் சொன்னேன்ல."

"மிச்சத்த என்ன பண்ணீங்க?"

"முறை என்னவோ அதைத்தான் பண்ணோம். நீ சாப்ட்டு முடிச்சப்புறம் நாங்க எடுத்துக்கிட்டோம்."

துவாரத்தின் வழியாக ஒரு ஏப்பம் இறங்கி வந்தது. அதில் வறுத்த வாத்தின் மணம் இருந்தது. அவனுக்கு வந்து சேர்ந்த சாரம் அதுதான்.

மெரெத் வந்தாள். முதலில் அண்ணனைத் திட்டினாள். தூபம் பிடிக்கிறவன் புத்தியும் புகையாகத்தான் இருக்கும் என்று தொடங்கி, சின்ன வயதில் அவன் கிணற்றுக்குள் ஆட்டுக்குட்டியைப் போட்டுவிட்டு ஆழம் பார்த்த கதைவரை சொன்னாள். அவன் போன பிறகு துவாரத்தில் வாய் வைத்து, "என்னங்க" என்றாள். பிறகு, "வாயத் தெறந்து ஓட்டைக்கு நேரா வைங்க" என்றாள்.

மாவு உருண்டைகள் உருண்டு வந்தன. வாத்துக்குச் செய்யும் அதே அளவு. அந்த அளவுதான் துவாரத்தில் சிக்காமல் இறங்கியது. தண்ணீரையும் ஊற்றினாள். சுண்ணாம்பு கரைந்து பால் மாதிரி வந்தது. அவன் சுவரில் நாக்கை வைத்துக் குடித்தான். இப்படிச் சில நாள் ஓடியது. எத்தனை என்று அவனுக்குத் தெரியாது. உள்ளே நாள் என்று ஒன்று இல்லை. கண் திறந்திருக்கிறதா என்று இமையைத் தொட்டுத்தான் தெரிந்துகொண்டான். துவாரத்தின் மறுமுனையில் ஒரு வெளிச்சப் புள்ளி இருந்தது. அது இருக்கும்போது பகல். அதை வைத்துக்கொண்டு அவன் உயிரோடு இருந்தான்.

வெளிச்சுவரில் துவாரத்தின் கீழே ஈரக்கறை படிவதை மன்றம் கவனித்தது. ராவெர் நேரில் வந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிரமிடு அழுகிறது என்றார்.

ஊர் திரண்டது. அழுகிற பிரமிடுக்குத் தனிப் படையல் வேண்டும் என்று மன்றம் அரண்மனைக்குச் சொல்லியனுப்பியது. அரண்மனை இன்னொரு மாடு அனுப்பியது. பிரமிடு ஏன் அழுகிறது என்பதை மன்றம் ஆராய்ந்தது. ஆன்மா விண்ணுக்குப் போய்விட்டது, அந்தப் பிரிவால் அழுகிறது. அப்படியானால் துவாரத்தின் வேலை முடிந்தது. வேலை முடிந்த வழியைத் திறந்து வைத்திருந்தால் வேறு ஏதாவது உள்ளே போகும். அடைத்துவிட வேண்டியதுதான்.

அடைப்பதற்கு முன் ராவெரே துவாரத்துக்கு வந்தார். முதல்முறையாக ஹெனுவோடு பேசினார்.

"ஹெனு, உன் மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்ல. நல்லா படுத்திருந்த."

"சாமி, நான் உயிரோட இருக்கேன்."

"இருக்கலாம். அதை நான் மறுக்கல. ஆனா அது உன் சொந்த விஷயம். மன்றம் தனிப்பட்ட விஷயத்துல தலையிடறதில்ல. ஒரு தடவை தெறந்தா அது கல்லறை இல்லப்பா, தானியக் கிடங்கு. தெறக்காதுங்கறதுதான் இந்தக் கட்டடத்துக்கே பொருள். உனக்காக அந்தப் பொருள விட்டுட்டா, நாளைக்கு எங்களுக்கு என்ன வேலை?"

ஹெனு படித்தவன் இல்லை. ஆனால் இருட்டில் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் நிறைய யோசித்திருந்தான்.

"சாமி, ஒண்ணு கேக்கலாமா? கல்லு இனிமே எழும்பாது. அப்புறம் அரசர எப்படி உள்ள கொண்டாருவீங்க?"

துவாரத்தில் வெகுநேரம் காற்று மட்டும் வந்தது. இந்தக் கேள்வியை மன்றத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை என்பது ஹெனுவுக்குப் புரிந்தது.

"இந்தக் கேள்விய வெளிய யார்கிட்டயும் கேக்காத" என்றார் ராவெர்.

"வெளிய வந்தாத்தானே சாமி கேப்பேன்."

"அதனாலதான் சொல்றேன்" என்றார் ராவெர், ஏறக்குறைய அன்பாக.

துவாரத்தில் ஒரு கல் முளையை அடித்து இறக்கினார்கள். சுற்றிலும் பூசிய சாந்து கொஞ்சம் ஹெனுவின் நெற்றியில் விழுந்தது. வெளிச்சப் புள்ளி போயிற்று. இனி இமையைத் தொட்டுப் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று அவன் கையை எடுத்துவிட்டான். காற்று கனத்தது. கற்பெட்டிக்குள்தான் குளிர்ச்சி இருந்தது. அதில் போய்ப் படுத்தான். அளவு இன்னும் சரியாகத்தான் இருந்தது. அது அவனைப் பயமுறுத்தியது. எழுந்து தரையில் உட்கார்ந்துகொண்டான். மெரெத் இப்போது எங்கே நிற்பாள் என்று நினைத்துப் பார்த்தான். சுவரின் எந்தப் பக்கம் அவள் என்பதே மறந்துபோயிருந்தது.

தூங்கினானா மயங்கினானா என்று தெரியாது. ஒரு சுரண்டல் சத்தம் கேட்டது. எலி என்று நினைத்தான். எலிக்கு இருமல் வராது. அறையின் மூலையில் ஒரு கல் உள்பக்கமாகச் சரிந்தது. விளக்கு வெளிச்சத்தோடு ஒரு தலை வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"அண்ணே, உள்ள யாரோ இருக்காங்க."

"இருக்கத்தான் செய்வாங்க. கல்லறைடா."

"மூச்சு விடறாங்கண்ணே."

மூத்தவன் விளக்கை உயர்த்தி ஹெனுவைப் பார்த்தான். முகம் கடுத்தது.

"யோவ், நீ எந்தக் கோஷ்டி? இந்த இடத்த எங்களுக்குத்தான் சொன்னாங்க."

"நான் கோஷ்டி இல்ல. பிணம்."

"அப்ப தங்கம் எங்க?"

ஹெனு ஜாடிகளைக் காட்டினான். திருடர்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். ரொட்டியைத் தட்டினார்கள். வாத்தைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார்கள். செத்தவர்களையே இப்படி ஏமாற்றினால் உயிரோடு இருக்கிறவர்களை என்ன செய்யமாட்டார்கள் என்று மூத்தவன் வருத்தப்பட்டான். இந்த நாட்டில் நேர்மையாகத் தொழில் செய்ய முடியாது என்றான் இளையவன். பிறகு ஹெனுவின் கையைப் பிடித்து, தாங்கள் குடைந்து வந்த வழியாக இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் நடக்கவில்லை. முழங்கையால் ஊர்ந்தான். அடைப்புக் கற்கள் மூன்றையும் சுற்றிக்கொண்டு, பக்கச் சுவரின் மென்கல்லில், இடதுபக்கம் வளைந்து வளைந்து போயிற்று அந்தப் பொந்து.

வெளியே நடுப்பகல். கண் கூசி அவன் குப்புற விழுந்தான். மெரெத்தின் கை அவன் முதுகில் பட்டது.

திருடர்கள் கூடும் மதுக்கடையில் போய், உள்ளே முழங்கால் உயரத்துக்குத் தங்கம் இருக்கிறது என்று சொன்னவள் அவள்தான். ஆற்றில் புதுவெள்ளம் வருகிற நாளாகப் பார்த்து வரச்சொல்லியிருந்தாள். அன்றைக்குப் பூசாரிகள் காவலர்கள் எல்லோரும் வெள்ள விழாவுக்குப் படகேறிப் போயிருப்பார்கள். திருடர்கள் அவளைக் கண்டபடி ஏசினார்கள். அவள் கும்பிட்டாள். அவர்கள் போய்விட்டார்கள்.

"வாங்க, ஓடிரலாம்" என்றாள் மெரெத். தெற்கே அவள் அத்தை ஊருக்குப் போகும் படகு ஒன்று வாய்க்காலில் நின்றது.

ஹெனு வாய்க்கால்வரை ஓடினான். அங்கே தண்ணீரைப் பார்த்தான். குப்புறப் படுத்து முகத்தை உள்ளே விட்டுக் குடித்தான். எழுந்தான். மறுபடி படுத்துக் குடித்தான். மெரெத் சட்டென்று அவன் தோளை இழுத்தாள், படகுக்காரன் கத்துகிறான் என்றாள், இன்னும் ஒரு வாய் என்றான் ஹெனு. அந்த ஒரு வாய் முடிவதற்குள் பூசாரிகளின் படகு வளைவு திரும்பி வந்துவிட்டது. அதில் ராவெர் கழுத்தில் தாமரை மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

மன்றம் கூடியது. ராவெர் அதுவரை பொந்தின் வாயருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருந்தார். ஹெனுவை நடுவில் நிறுத்தினார்கள். மெரெத் வாசலில் நின்றாள். கல்லறையில் எதுவும் திருட்டுப் போகவில்லை, பிணம் மட்டும்தான் போயிருக்கிறது என்று ஒரு பூசாரி அறிக்கை சொன்னார். திருட்டுப் பொருளை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துப் பொந்தை அடைத்துவிடலாம் என்றார் இன்னொருவர். இஹி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உயிரோடுதான் இருக்கிறான், விட்டுவிடலாமே என்றார் தூங்கி விழித்த ஒரு கிழவர்.

ராவெர் கையை உயர்த்தினார்.

"விட்டுடலாம். நாளைக்கு உள்ள யாரும் இல்லன்னு அரண்மனைக்குத் தெரியும். அப்ப இத்தனை நாளா வந்த மாடு, வாத்து, ரொட்டி, மது, எல்லாத்தையும் தின்னது யாருன்னு கேப்பாங்க. நாம உண்மையச் சொல்ல வேண்டி வரும். உண்மைக்கு உட்பொருள் கெடையாது. அதை வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?"

கிழவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"அதே மாதிரி, அடைக்கவும் கூடாது" என்றார் ராவெர். "அரசர் ஒரு காலத்துல வரணும். இந்த வழி ஒண்ணுதான் இருக்கு."

வழி கொஞ்சம் குறுகல், ஆனால் கொண்டுவரலாம், அரசரை இரண்டு இடத்தில் மடக்க வேண்டியிருக்கும் என்றார் செகெம். இந்த வளைவுகள் முதல் வரைபடத்திலேயே தன் மனதில் இருந்தவை என்றும் சொன்னார்.

ராவெர் பொருளை அறிவித்தார். வழி இடதுபக்கம் வளைகிறது, ஏனென்றால் இதயம் இடதுபக்கம் இருக்கிறது. கரடுமுரடாக இருக்கிறது, ஏனென்றால் பிறப்பு கரடுமுரடானது. இறந்தவர் காலையில் சூரியனோடு வெளியே வருகிறார், மாலையில் சூரியனோடு உள்ளே திரும்புகிறார். அதற்காக ஆதியிலேயே ஏற்பட்ட வழி இது. ஆகவே ஹெனு பகலில் வெளியே இருக்கலாம். வாத்துக் கொட்டிலில் ஆள் பற்றாக்குறை என்பதால் வேலைக்கும் போகலாம். பொழுது சாய்ந்ததும் உள்ளே போய்ப் பெட்டியில் படுத்துவிட வேண்டும். விடியும்வரை பொந்து வாயில் காவல் இருக்கும்.

மெரெத் வாசலிலிருந்து ஏதோ சொன்னாள். வாசலுக்கு வெளியே நிற்கிறவர்களின் சொல்லை மன்றம் கேட்கும் வழக்கம் இல்லை.

"இது எத்தனை நாளைக்கு சாமி?" என்று கேட்டான் ஹெனு.

"அரசர் வந்து சேர்ற வரைக்கும்."

"அவர் எப்ப வருவாரு?"

மன்றத்தில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"அரசர் எப்ப சாவாருன்னா கேக்கற?" என்றார் ராவெர்.

"இல்ல சாமி."

"அப்ப என்ன கேட்ட?"

"அரசர் நல்லா இருக்கணும்னேன்."

"நூறு வருஷம் இருக்கணும்னு சொல்லு."

"நூறு வருஷம் இருக்கணும்" என்றான் ஹெனு. வாசலில் மெரெத் முகத்தை மூடிக்கொண்டாள். அரசரின் உடல்நிலை முன்பைவிட நன்றாகத் தேறியிருப்பதாகவும், ஒத்திகைக்குப் பிறகு சாவைப் பற்றிய பயமே போய்விட்டது என்று அவர் சொன்னதாகவும் ஒரு பூசாரி மகிழ்ச்சியோடு தெரிவித்தார்.

ஹெனு கடைசியாக ஒன்று கேட்டான். "அதுக்கு முன்னால நான் செத்துட்டா சாமி?"

ராவெருக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

"செத்துட்டா அன்னிக்கே வெளிய எடுத்துருவோம். அது அரசரோட கல்லறை. ஒரு வாத்துக்காரன் பிணத்த அதுல வைக்க முடியுமா?"

அன்று வெயில் மேற்கே மணல் மேட்டில் இறங்கியபோது ஹெனு பொந்தின் முன் நின்றான். காவலன் நகர்ந்து வழிவிட்டான். மெரெத் அவன் இடுப்பில் ஒரு தோல்பை தண்ணீரைக் கட்டிவிட்டாள். முடிச்சை அவிழ்த்தாள். திரும்பக் கட்டினாள். அவள் கை விடவில்லை, அவனும் நகரவில்லை. கிழக்குக் கோயிலிலிருந்து மூலையைச் சுற்றிக்கொண்டு இஹி ஓடிவந்தான். கையில் தூபக்கால் புகைந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்கியது.

"சீக்கிரம் உள்ள போய்ப் படு மாப்ள. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. ரொட்டி ஆறுது."